சிஏ-125 கூடுதலாக வந்தால் புற்றுநோயா? 50 வகைப் புற்றுநோயைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெளிவாகுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு 52 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. உடம்பில் சொல்லும்படியான தொந்தரவு எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றில் கேன்சர் மார்க்கர்களும் சேர்ந்து வந்திருக்கின்றன. அதில் சிஏ-125 மட்டும் 58 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, 35க்குள் இருக்க வேண்டுமாம். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இப்போது ஒருவர், ‘ஒரு சொட்டு ரத்தத்திலேயே 50 வகைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் வந்திருக்கிறது, கடன் வாங்கியாவது எடுத்துவிடுங்கள்’ என்கிறார். எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாக இது ஒரு டெஸ்டைப் பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி வேறு: நோயின் அறிகுறியே இல்லாத ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று ரத்தத்தால் சொல்ல முடியுமா? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவ உயிர்வேதியியல் படித்து, பல வருடங்களாக ஆய்வகத்தில் இதே ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்கவில்லை, ஸ்கேனும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு இது இருக்கிறது, இது இல்லை என்று சொல்லும் இடத்தில் நான் இல்லை. அந்த 58 என்ற எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். மிகக் குறைந்த எடைதான்.

சிஏ-125 என்பது ஒரு பெரிய புரதத்தின் துண்டு. சினைப்பைப் புற்றுநோய்ச் செல்கள் அதை நிறைய உதிர்க்கின்றன என்பது உண்மை. ஆனால் அதை உண்டாக்குவது அந்தச் செல்கள் மட்டும் அல்ல. வயிற்றறையின் உள்பக்கத்தையும், நுரையீரலையும், இதயத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகள் எல்லாமே அதை உற்பத்தி செய்கின்றன. அந்த உறைகளில் எது எரிச்சலடைந்தாலும், எங்கே நீர் கோர்த்தாலும் ரத்தத்தில் அளவு ஏறும். கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்தல், இதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் சேர்தல், இப்படிப் பட்டியல் நீளும். மாதவிடாய் நாட்களிலும் கர்ப்பத்திலும்கூட ஏறும். நம் நாட்டில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது வயிற்று டிபி. அதில் சிஏ-125 பல நூறுகளுக்குப் போகும். வயிற்றில் நீர், எடை குறைவு, சிஏ-125 உயர்வு மூன்றையும் சேர்த்துப் பார்த்து முற்றிய சினைப்பைப் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சைக்குப் போய், திறந்து பார்த்தால் டிபி என்று முடிந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. மாத்திரையில் குணமாகும் நோய் அது.

அந்த 35 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் பாதி தீரும். அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் இதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியை உருவாக்கி, 1983இல் அளவீட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 888 பேரில் 1 சதவீதத்தினருக்குத்தான் 35க்கு மேல் இருந்தது. சினைப்பைப் புற்றுநோய் உள்ள 101 பேரில் 82 சதவீதத்தினருக்கு 35க்கு மேல். இதைப் படித்தால் யாருக்கும் ‘அருமையான டெஸ்ட்’ என்றுதான் தோன்றும். இப்போது இதே எண்களை வைத்துக்கொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாத, மாதவிடாய் நின்ற 10,000 பெண்களுக்கு எடுப்பதாகக் கணக்குப் போடுங்கள். சினைப்பைப் புற்றுநோய் அபூர்வமான நோய். இந்த வயதுப் பெண்களில் ஏறக்குறைய 2,500 பேருக்கு ஒருவர் என்பதுதான் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் 10,000 பேரில் 4 பேர். அந்த நால்வரில் 3 பேரை டெஸ்ட் பிடிக்கும். மீதி 9,996 பேரில் 1 சதவீதம், அதாவது 100 பேருக்கு நோய் இல்லாமலே எண் ஏறியிருக்கும். ஆகத் தடித்த எழுத்தில் ரிப்போர்ட் வாங்கிய 103 பேரில் உண்மையான நோயாளிகள் 3 பேர். இதுகூட டெஸ்டுக்கு மிகச் சாதகமான கணக்கு. ஏனென்றால் அந்த 82 சதவீதம் பெரும்பாலும் முற்றிய நோயாளிகளிடம் கிடைத்தது. முதல் கட்டத்திலேயே இருக்கும் நோயில் பாதிப் பேருக்குத்தான் சிஏ-125 ஏறும். கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் பாதியைத் தவறவிடுகிறது, இல்லாத இடத்தில் நூறு பேரைப் பயமுறுத்துகிறது.

‘பயந்தால் என்ன, பார்த்துவிடுவது நல்லதுதானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை லட்சக்கணக்கான பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையிலான 78,216 பெண்களில் பாதிப் பேருக்கு வருடாவருடம் சிஏ-125உம் ஸ்கேனும் எடுத்தார்கள், மறுபாதிக்கு எடுக்கவில்லை. 2011இல் முடிவு வந்தது. சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்கள் பரிசோதனை எடுத்த பக்கம் 118, எடுக்காத பக்கம் 100. அந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம், ஆனால் பலன் இல்லை என்பது தெளிவு. என்னை உலுக்கியது வேறொரு எண். நோய் இல்லாமலே பாசிட்டிவ் வந்த 3,285 பேரில் 1,080 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. ஒன்றுமே இல்லாத வயிற்றைத் திறந்து வந்த சிக்கல்.

பிரிட்டனில் உஷா மேனன், இயன் ஜேக்கப்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு இன்னும் பெரியது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். அவர்கள் 35 என்ற ஒரே கோட்டை வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய பழைய அளவோடு ஒப்பிட்டு ஏறுகிறதா என்று பார்த்தார்கள். நல்ல யோசனை, பலனும் தெரிந்தது: நோய் முன்கட்டத்தில் அகப்பட்டவர்கள் கூடினார்கள். ஆனால் 16 வருடம் பின்தொடர்ந்து 2021இல் கணக்கு முடித்தபோது இறப்பு குறையவில்லை. நோயைக் கொஞ்சம் முன்னதாகப் பார்ப்பதும் உயிரைக் காப்பதும் ஒன்றல்ல என்று இவ்வளவு பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டோம். ‘சீக்கிரம் கண்டுபிடித்தோம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் எந்த விளம்பரத்தையும் இதை வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

ஆய்வகத்துக்குள் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த இயந்திரம் சிஏ-125ஐ நேராகப் பார்ப்பதில்லை. ஒரு ஆன்டிபாடி அதைக் கீழிருந்து பிடிக்கிறது, இன்னொரு ஆன்டிபாடி மேலிருந்து பிடித்து ஒளி விடுகிறது, அந்த ஒளியின் அளவுதான் எண்ணாக அச்சாகிறது. சிலருடைய ரத்தத்தில் இயல்பாகவே உள்ள வேறு ஆன்டிபாடிகள், நடுவில் சிஏ-125 இல்லாமலே இந்த இரண்டையும் இணைத்துவிடும். இயந்திரம் எண்ணைக் கொடுத்துவிடும், ஆனால் அது அளந்த பொருள் அங்கே இருக்காது. சந்தேகம் வந்தால் மாதிரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்க்கச் செய்து ஓட்டிப் பார்ப்போம். உண்மையான சிஏ-125 என்றால் அளவு அதே விகிதத்தில் இறங்கும், போலி என்றால் தாறுமாறாக வரும். தினசரி நூற்றுக்கணக்கில் பேக்கேஜ் மாதிரிகள் ஓடும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்வதில்லை. இன்னொன்று, ஒரு கம்பெனி இயந்திரத்தின் 58உம் மற்றொரு கம்பெனி இயந்திரத்தின் 58உம் ஒன்றல்ல. திரும்ப எடுப்பதானால் அதே லேபில் எடுங்கள். வேறு லேபில் எடுத்து 41 வந்தால், குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

சரி, புது டெஸ்டுக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது போன்ற டெஸ்டுகளில் அதிகம் ஆராயப்பட்டது அமெரிக்காவின் கிரெய்ல் நிறுவனத்தின் கேலெரி. இது புரதத்தைத் தேடுவதில்லை. செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டுதுண்டாக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் இப்படி டிஎன்ஏ மிதக்கிறது என்று 1948இலேயே மாண்டெல், மெத்தே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 1997இல் டென்னிஸ் லோ குழுவினர் தாயின் ரத்தத்தில் கருவிலிருக்கும் குழந்தையின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டினார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். புற்றுநோய்ச் செல்லின் டிஎன்ஏமேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் சாதாரணச் செல்லில் இருப்பதிலிருந்து வேறுபடும். அந்த வேறுபாட்டைப் படித்து, புற்றுநோய் இருக்கலாமா, எந்த உறுப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று கேலெரி ஊகிக்கிறது. இந்த அறிவியல் உண்மையானது, அழகானது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மில்லி பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய ரத்தத் திரவத்தில், மிதக்கும் டிஎன்ஏ சில நானோகிராம்தான். 5 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால் முழு மரபணுத் தொகுப்பின் சுமார் 1,500 பிரதிகள். கட்டி சிறியதாக இருக்கும்போது, இவற்றில் கட்டியிலிருந்து வந்தது பத்தாயிரத்தில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். அதாவது ஒரு மில்லியில் குறிப்பிட்ட ஒரு மாற்றத்தைத் தேடினால், ஒன்றுகூட இல்லாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். கண்மாயிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு பார்த்துவிட்டு, மீன் இல்லை என்று கண்மாயையே முடிவு கட்டுவது போலத்தான். ஒரே இடத்தைப் பார்க்காமல் ஆயிரக்கணக்கான இடங்களில் மெத்தில் குறிகளைப் பார்ப்பதால் கேலெரி இதை ஓரளவு சமாளிக்கிறது, முழுவதும் அல்ல. அதனால்தான் அதற்கு ஒரு சொட்டு போதாது, இரண்டு பெரிய குழாய் ரத்தம் வேண்டும். அந்தக் குழாய்களும் சாதாரணக் குழாய்கள் அல்ல. வெள்ளையணுக்கள் வழியில் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டினால் தேடுவது மூழ்கிப்போகும் என்பதால், அவற்றை உடையாமல் காக்கும் மருந்து சேர்த்தவை. ஒரு சொட்டில் எல்லாம் தெரியும் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். விரல்நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான டெஸ்ட் என்று கிளம்பிய தெரனோஸ் நிறுவனத்தின் தலைவி முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக 2022இல் தண்டிக்கப்பட்டார்.

கேலெரியின் எண்களைப் பாருங்கள். புற்றுநோய் உள்ளவர்களிடம் சோதித்தபோது நான்காம் கட்ட நோயில் 90 சதவீதத்தைப் பிடித்தது, முதல் கட்டத்தில் சுமார் 17 சதவீதத்தைத்தான் பிடித்தது. நமக்கு வேண்டியது முதல் கட்டம். 50 வயதுக்கு மேற்பட்ட, நோய் சந்தேகம் இல்லாத 6,621 பேரிடம் எடுத்துப் பார்த்த பாத்ஃபைண்டர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. 92 பேருக்கு ‘புற்றுநோய்ச் சமிக்ஞை உண்டு’ என்று வந்தது. அவர்களில் 35 பேருக்கு உண்மையிலேயே இருந்தது, 57 பேருக்கு இல்லை. சிஏ-125 கணக்கோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், மறுக்க மாட்டேன். அதே ஒரு வருடத்தில் அந்த மொத்தக் கூட்டத்தில் 121 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்தது. அதாவது மீதி 86 பேருக்கு டெஸ்ட் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தது. உங்கள் கேள்விக்கு இதுதான் நேரடியான பதில். கேலெரி எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அம்மாவின் 58 பொய்யாகிவிடாது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கக் காரணமும் ஆகாது. ‘உண்டு’ என்று வந்தாலும் பெட் ஸ்கேன், பயாப்ஸி என்று புதிய பாதை தொடங்கும், அந்த ஆய்வில் அப்படி வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முடிவில் ஒன்றும் இல்லை. தெளிவு வாங்கப் போய் இரண்டாவது குழப்பத்தை வாங்கி வருவீர்கள்.

உறுதியாகத் தெரியாத இடம் எது என்றால், இந்த டெஸ்டுகளை ஆரோக்கியமானவர்களுக்கு வருடாவருடம் எடுத்தால் இறப்பு குறையுமா என்பது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2021இல் சுமார் 1,40,000 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் முதன்மையான கேள்விகூட முற்றிய நிலையில் கண்டறியப்படும் புற்றுநோய்கள் குறைகின்றனவா என்பதுதான், இறப்பு அல்ல. சினைப்பை ஆய்வின் அனுபவத்துக்குப் பிறகு அந்த ஒரு படி எனக்குப் போதாது. குறைந்த மரணம் என்று யாரும் இன்னும் காட்டவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனையே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். கேள்வி சரியாக இருந்தால் அதே ரத்தம் மிக நன்றாகப் பதில் சொல்லும். தெற்குச் சீனர்களிடம் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸோடு ஒட்டியது. ஹாங்காங்கில் 20,174 ஆண்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் டிஎன்ஏவைத் தேடி, திரும்ப எடுத்தும் நீடித்தவர்களை மட்டும் ஆராய்ந்தார்கள். 34 பேருக்கு நோய் இருந்தது, அவர்களில் 71 சதவீதம் முதல் இரண்டு கட்டங்களில். வழக்கமாக அது 20 சதவீதம்தான். நோய் மிகுந்த மக்கள், ஒரே நோய், அந்த நோய்க்கே உரிய தடயம், இந்த மூன்றும் சேர்ந்ததால் வேலை செய்தது. அப்புறம், புற்றுநோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களின் ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள். கீமோ வாங்கியவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தார்கள், நோய் திரும்புவது கூடவில்லை. 2022இல் வந்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். எத்தனை பேர் தேவையில்லாத கீமோவிலிருந்து தப்பினார்கள்! சிஏ-125ஏகூட, சினைப்பைப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுப்பவருக்கு மருந்து கேட்கிறதா என்று பார்க்க நன்றாக உதவுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமோ அடுத்த வாரமோ அம்மாவை ஒரு மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், நள்ளிரவில் ஓட வேண்டிய அவசரம் இல்லை. சும்மா விட்டுவிடவும் கூடாது, காரணம் அந்த நூற்றில் மூன்று. போவதற்கு முன் அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள்: சில வாரங்களாக வயிறு உப்பியே இருக்கிறதா, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுகிறதா, அடிவயிற்றில் வலி உண்டா, அடிக்கடி சிறுநீர் போகிறதா. ‘தொந்தரவு இல்லை’ என்று சொல்லும் அம்மாக்கள் பலர் இவற்றை வாயுத் தொல்லை என்று நினைத்து விட்டிருப்பார்கள். மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள், டிபியை நினைக்க அது உதவும். அம்மாவின் அம்மா, சகோதரிகள், அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்படி இருந்தால் இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை மாற்றத்தைத் தேடும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை என்ற வேறொரு ரத்தப் பரிசோதனைக்கு அர்த்தம் வருகிறது.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு அடிவயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார், பெரும்பாலும் யோனி வழியாக எடுப்பது. அதில் சினைப்பையில் கட்டி தெரிந்தால், பல மருத்துவர்கள் ஒரு எளிய பெருக்கலைப் பயன்படுத்துவார்கள்: ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் நின்றதற்கான எண், சிஏ-125 மூன்றையும் பெருக்குவது. நின்றவர்களுக்கு 3. உங்கள் அம்மாவுக்கு 58ஐ 3ஆல் பெருக்கினால் 174. ஸ்கேனில் சந்தேகக் குறி ஒன்றும் இல்லையென்றால் மதிப்பெண் பூஜ்யம், பெருக்கினால் பூஜ்யம். ஒரு குறி இருந்தால் 174 அப்படியே நிற்கும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3ஆல் பெருக்கி 522. வழக்கமாக 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள். இரவெல்லாம் உங்களை விழிக்க வைத்த எண்ணைப் பூஜ்யமாக்கவும் 522 ஆக்கவும் ஸ்கேனால் முடிகிறது, பார்த்தீர்களா. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் நான்கைந்து வாரம் கழித்து, அதே லேபில் சிஏ-125ஐ ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்லலாம். இறங்கினால் அல்லது அப்படியே நின்றால் பெரும்பாலும் கவலை இல்லை, ஏறிக்கொண்டே போனால் மருத்துவர் மேலே தேடுவார்.

அடுத்த வருடம் பேக்கேஜ் எடுக்கும்போது கேன்சர் மார்க்கர் பகுதியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பணமும் 50 வகை டெஸ்டுக்கு வாங்க நினைத்த கடனும் மிச்சம். உயிரைக் காப்பதாக நிரூபித்த பரிசோதனை ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள், ஒரே ஒரு முறை. 2007இல் முடிவு வந்தபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்திருந்தன. உங்கள் அம்மாவுக்கு 52 வயது. கருப்பைவாய்ப் பரிசோதனை இதுவரை எடுத்ததில்லை என்றால், 58ஐக் காட்டப் போகும் அன்றே அதே மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். மார்பகப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.